பாட்டுக் கேட்க எந்தப் போன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்து நூலக அறையில் கூடும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நல்ல ஹெட்போன் வாங்கிவிட்டேன். இனிப் பாட்டு நன்றாகக் கேட்க எந்தப் போன் வாங்கலாம்?" மின்னணுத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் அடங்கியிருக்கிறது. ஊரை விட்டு வந்து டெல்லியில் இருக்கும் நம்மில் பலருக்குக் கச்சேரி என்பதே இப்போது காதில் மாட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்களுக்குள்தான் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காது என்பது திரும்ப வாங்க முடியாத சாமான். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணாகக் கிடக்கும் பாட்டு

போனுக்குள் பாட்டு ஒலியாக இல்லை, எண்களாக இருக்கிறது. ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். மைக் அதை மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எண்ணாகக் குறித்துக்கொண்டால் அதுதான் டிஜிட்டல் ஒலிப்பதிவு.

ஸோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982-இல் கடைக்கு வந்த சி.டி.யில் விநாடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. ஏன் 44,100? நல்ல இளம் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைச் சிதையாமல் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட அளவுகள் வேண்டும் என்பது கணித விதி. 20,000-இன் இரு மடங்கு 40,000. அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு 44,100.

16 பிட் என்பதால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. இது போதுமா என்றால், ஒரு சபாவை நினைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓசை, இருமல், பட்டுப்புடவைச் சரசரப்பு எல்லாம் சேர்ந்து ஓர் அடித்தள இரைச்சல் எப்போதும் இருக்கும். அதற்கு மேல்தான் பாட்டு எழ வேண்டும். அந்த இரைச்சலுக்கும் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கும் உள்ள தூரம் 96 டெசிபலை எட்டுவதே இல்லை.

ஆகவே விளம்பரங்களில் வரும் "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்" என்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடத்தில், பல தடங்களைக் கலந்து திருத்தும் வேலைக்கு அது உதவும். கேட்பவருக்கு உதவுமா? பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் 2007-இல் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சங்கத்தின் இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை அப்படியே ஒரு முறையும், நடுவில் சி.டி. தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 தடவைகளில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வந்திருக்கும்.

எண்ணிலிருந்து ஒலிக்கு

எண்களை மறுபடி மின் அலையாக்க ஒரு சில்லு வேண்டும். அதை டி.ஏ.சி. என்பார்கள், டிஜிட்டலை அனலாகாக மாற்றுவது என்று பொருள். அது தரும் மின் அலை மெலிந்தது. ஹெட்போனின் சவ்வை அசைக்க அதற்குப் பின்னால் ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். போனின் ஒலித்தரம் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த இரண்டின் தரத்தைத்தான்.

ஒரு காலத்தில் இவற்றில் பெரிய வித்தியாசம் இருந்தது உண்மை. செல்போன் பேசுவதற்காகப் பிறந்தது. பாட்டு அதில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இரைச்சல், கடகடப்பு, பலமில்லாத ஆம்ப்ளிஃபயர் என்று குறைகள் இருந்தன. பிறகு சில நிறுவனங்கள் ஒலியையே விற்பனைச் சரக்காக்கின. 2012-இல் வீவோ எக்ஸ் 1 தனி ஒலிச் சில்லுடன் வந்தது. எல்.ஜி. நிறுவனம் 2015-இல் வி 10 போனிலும் 2016-இல் வி 20 போனிலும், நல்ல ஆடியோ கருவிகளில் போடும் வகைச் சில்லுகளைப் பொருத்தியது. மாட்டிய ஹெட்போன் எப்படிப்பட்டது என்று தானே சோதித்து, தேவையானால் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் அவற்றில் இருந்தது. இசை ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் எல்.ஜி. 2021-இல் போன் தொழிலையே விட்டுவிட்டது. ஒலிக்காக மட்டும் போன் வாங்குகிறவர்கள் உலகத்தில் அவ்வளவு பேர் இல்லை போலும்.

இதற்குள் சில்லுத் தொழில் முன்னேறிவிட்டது. இன்று சாதாரண விலைப் போனில் இருக்கும் டி.ஏ.சி.கூடக் காது கண்டுபிடிக்கும் எல்லையைத் தாண்டிச் சுத்தமாக வேலை செய்கிறது. வித்தியாசங்கள் மீதமிருப்பது ஆம்ப்ளிஃபயரில்தான். அதைப் பற்றிச் சொல்லும் முன் துளை மறைந்த கதையைச் சொல்ல வேண்டும்.

துளை போயிற்று, டாங்கிள் வந்தது

2016 செப்டம்பரில் வெளியான ஐபோன் 7-இல் ஹெட்போன் மாட்டும் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. கேலி செய்தவர்களும் பின்னால் அதே வழிக்கு வந்தார்கள். சாம்சங் 2019-இல் நோட் 10 வரிசையில் அதை எடுத்தது. ஸோனி ஒருமுறை எடுத்துவிட்டு 2020-இல் எக்ஸ்பீரியா 1 மார்க் 2-இல் திரும்பக் கொண்டுவந்தது. மொத்தத்தில், விலை உயர்ந்த போன்களில் துளை அபூர்வமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது.

துளை இல்லாத போனில் கம்பி ஹெட்போனை மாட்ட ஒரு சிறு டாங்கிள் வாங்குகிறோம். இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. இந்த டாங்கிளுக்குள்ளேயே டி.ஏ.சி.யும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. போன் எண்களை மட்டும் அனுப்புகிறது. அவற்றை ஒலியாக்குவது டாங்கிள். அப்படியானால் ஒரே டாங்கிளைப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனில் மாட்டினாலும் எண்பதாயிரம் ரூபாய்ப் போனில் மாட்டினாலும் காதுக்கு வருவது ஏறத்தாழ ஒன்றே. போன்களை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் ஒப்பிடுவது டாங்கிள்களை.

ஒரு எச்சரிக்கை. எல்லா டாங்கிளும் இப்படி அல்ல. சிலவற்றுக்குள் சில்லே கிடையாது, வெறும் கம்பிதான். சில போன்கள் யு.எஸ்.பி.-சி வாய் வழியாகவே அனலாக் ஒலியைத் தரும். அவற்றுக்கு மட்டும் அது பொருந்தும். மற்ற போன்களில் மாட்டினால் சத்தமே வராது. கரோல்பாக் கஃபார் மார்க்கெட்டில் இரண்டும் ஒரே கூடையில் குவிந்து கிடக்கும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். "டி.ஏ.சி. உள்ளதா?" என்று கேட்டு, கடையிலேயே உங்கள் போனில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஓம் கணக்கு

ஹெட்போன் பெட்டியின் மேல் இத்தனை ஓம் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். இதை இம்பிடன்ஸ் என்பார்கள். மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு. காதுக்குள் செருகும் சிறு இயர்போன்கள் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். ஒலிப்பதிவுக்காரர்கள் பலர் வைத்திருக்கும் ஆடியோ டெக்னிகா எம் 50 எக்ஸ் 38 ஓம். 1997-இல் வந்து இன்றும் பேர் சொல்லும் சென்ஹைசர் எச்.டி. 600 வகையில் 300 ஓம்.

ஓம் கூடினால் அதே மின்னழுத்தத்தில் ஹெட்போனுக்குப் போகும் சக்தி குறைகிறது. ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போன் சுமார் 31 மில்லிவாட் எடுத்துக்கொள்ளும். 300 ஓம் ஹெட்போன் சுமார் 3 மில்லிவாட்தான். அந்த 3 மில்லிவாட் புதிய சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் போதும், அது ஏற்கெனவே உரக்கப் பதிவானது. ஆனால் நம் பழைய வானொலிக் கச்சேரிகளில் பதிவின் அளவே தாழ்ந்திருக்கும். ஒலியை முழுக்க ஏற்றிய பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று கை தேடும். இந்த இடத்தில்தான் பலமான ஆம்ப்ளிஃபயர் உள்ள கருவிக்கு மெய்யான வேலை இருக்கிறது. ஆப்பிள் 2018-இல் கொண்டுவந்த யு.எஸ்.பி.-சி டாங்கிளில் அமெரிக்க வகை சுமார் ஒரு வோல்ட் தரும். ஐரோப்பிய வகை அதில் பாதிதான். உருவம் ஒன்றே. அதையே சில ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினால் முழு ஒலி வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கும் தன்னுடைய ஓம் ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சில இயர்போன்களின் எதிர்ப்பு எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவாக இராது. ஓரிடத்தில் 16 ஓம், வேறோரிடத்தில் 64 ஓம் என்று ஏறி இறங்கும். போனின் ஓம் 10 என்றால், அந்த இரண்டு இடங்களுக்கும் போகும் ஒலியில் சுமார் 3 டெசிபல் வித்தியாசம் விழும். போனின் ஓம் 1 என்றால் வித்தியாசம் அரை டெசிபலுக்கும் குறைவு. முன்னதில் வீணையின் நாதமே மாறித் தெரியும்; பின்னதில் தெரியாது. "இந்த இயர்போன் அந்தப் போனில் வேறு மாதிரிக் கேட்கிறது" என்று யாராவது சொன்னால் அது பிரமையாக இருக்க வேண்டியதில்லை. ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போனின் ஓம் இருக்கக் கூடாது என்பது நடைமுறை விதி.

கம்பி இல்லாமல்

புளூடூத் ஹெட்போனில் கதை அடியோடு மாறுகிறது. டி.ஏ.சி., ஆம்ப்ளிஃபயர் இரண்டும் ஹெட்போனுக்குள் போய்விட்டன. போனிலிருந்து போவது சுருக்கிய எண்கள். ஏன் சுருக்க வேண்டும்? சி.டி. தரத்தில் விநாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. வழக்கமான புளூடூத் ஒலிப்பாதையில் அவ்வளவு அடங்காது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. என்ற முறை நல்ல நிலையில் சுமார் 328 கிலோபிட் அனுப்பும். ஐபோன் ஏ.ஏ.சி. முறையைக் கையாளும். ஸோனி 2015-இல் கொண்டுவந்த எல்.டி.ஏ.சி. 990 கிலோபிட் வரை போகும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அது ஆண்ட்ராய்டிலேயே சேர்ந்துவிட்டது.

சுருக்குவது என்றால் கெடுப்பது என்று பொருள் இல்லை. ஒரு பெரிய ஒலிக்குப் பக்கத்திலேயே வரும் சின்ன ஒலியைக் காது கேட்பதில்லை. அப்படிக் கேளாததைக் கழித்துவிட்டு மீதியை அனுப்புகிறார்கள். எம்.பி.3-யும் இதே தத்துவம்தான். விகிதம் தாராளமாக இருந்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. கஞ்சத்தனமாக இருந்தால் எங்கே தெரியும் என்பதைச் சொல்கிறேன்: கைதட்டலில். கச்சேரியில் பல்லவி முடிந்து எழும் கரகோஷம், ஆயிரம் தனித்தனி ஓசைகள். அவற்றைச் சுருக்குவது எந்த முறைக்கும் கடினம். மோசமாகச் சுருக்கிய பதிவில் கைதட்டல் மழை பெய்வது போலவோ எண்ணெயில் வடை பொரிவது போலவோ கேட்கும். அடுத்த இடம் மிருதங்கம். வலந்தலையில் விழும் கூர்மையான சொல்லுக்கு ஒரு கண நேரம் முன்னதாகவே ஒரு மங்கல் படிந்து, சொல் மழுங்கும். ஒரு பதிவின் தரத்தைப் பார்க்க இந்த இரண்டு இடங்களைக் கேட்டால் போதும். பாட்டையே கேட்க வேண்டாம்.

ஒப்பிடும் முறை

இரண்டு போன்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் மூன்று விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

முதலாவது, ஒலியின் அளவு சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலும் காது அதைச் "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லாது. "தெளிவு கூடிவிட்டது" என்றுதான் சொல்லும். கடைக்காரர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். இரண்டாவது, அதே பதிவு, அதே ஹெட்போன். ஒன்றில் யூடியூபும் இன்னொன்றில் சி.டி. பிரதியும் வைத்து ஒப்பிடக் கூடாது. மூன்றாவது, எது ஒலிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. விலையைக் கண்ணால் பார்த்துவிட்டால் காது அந்த விலையைத்தான் கேட்கும்.

இதே முறையில் நாங்கள் நான்கு பேர் நூலக அறையில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தோம். துளையுள்ள ஐந்து வருடத்துப் பழைய போன் ஒன்று. துளையில்லாத, விலை உயர்ந்த புதுப் போன் ஒன்று, அதற்கு டாங்கிள். 38 ஓம் ஹெட்போன் ஒன்று, 300 ஓம் ஹெட்போன் ஒன்று. 50 ஹெர்ட்ஸ் ஒலியை இரண்டிலும் ஓடவிட்டு, ஹெட்போன் முனையில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தத்தைச் சமன் செய்தேன். போனின் ஒலிப் பொத்தான் பெரிய பெரிய படிகளாக ஏறுவதால், நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள பாட்டுச் செயலியைப் பயன்படுத்தினோம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), ஒரு பழைய வாய்ப்பாட்டுக் கச்சேரி, 'ரோஜா' (1992) பாட்டு ஒன்று ஆகியவற்றிலிருந்து இருபது இருபது விநாடிப் பகுதிகள். நான் திரைக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் போட, மற்ற மூவரும் தனித்தனியே பத்துத் தடவை எழுதித் தந்தார்கள்.

38 ஓம் ஹெட்போனில் ஒருவர் பத்துக்கு ஆறு, ஒருவர் ஐந்து, ஒருவர் ஏழு சரியாகச் சொன்னார்கள். ஏழு எடுத்தவர் மகிழ்ந்துபோனார். ஆனால் கணக்குப்படி, வெறும் காசைச் சுண்டிப் பத்துக் கேள்விக்கு விடை எழுதினாலும் ஆறு பேரில் ஒருவர் ஏழோ அதற்கு மேலோ எடுப்பார். ஒன்பது எடுத்தால்தான் "கேட்டுச் சொல்கிறார்" என்று நம்பலாம். காசு சுண்டி அது கிடைப்பது நூற்றில் ஒருவருக்கு. ஆகவே இரண்டு போன்களுக்கும் இடையே எங்கள் காதுகளுக்கு வித்தியாசம் இல்லை.

300 ஓம் ஹெட்போனில் பழைய கச்சேரியைப் போட்டபோது மட்டும் இரண்டு கருவியுமே திணறின. ஒரு நண்பர் தன்னுடைய தீப்பெட்டி அளவுள்ள தனி டி.ஏ.சி.-ஆம்ப்ளிஃபயரை மாட்டியதும் தம்புரா நிமிர்ந்து உட்கார்ந்தது. அதிலும் சமமான ஒலியளவில் வைத்தபோது நாதத்தில் வேறுபாடு சொல்ல யாராலும் முடியவில்லை. அந்தப் பெட்டி தந்தது பலம், அவ்வளவுதான்.

பிறகு விளையாட்டாக ஹெட்போனை மட்டும் மாற்றினோம். மூவருக்கும் முதல் விநாடியிலேயே தெரிந்தது. பத்துக்குப் பத்து. திரையே தேவைப்படவில்லை.

போன் அல்லாத காரணம்

அன்று கேட்டவர்களில் ஒருவர் ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்ற பெரியவர். எங்களுக்கெல்லாம் மாமா. சில மாதங்களாகவே, "பாட்டு கேட்கறது, ஆனா சாகித்யம் புரியமாட்டேங்கறது. போன் பழசாயிடுத்து, வேற வாங்கலாம்னு பையன் சொல்றான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் பார்த்து வைத்திருந்த போன் அறுபதாயிரம் ரூபாய். பரிசோதனை முடிந்ததும் நான் வேறொன்று செய்து பார்த்தேன். ஒரு காதுக்கு மட்டும் ஒலி போகும்படி வைத்து, தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். இடது காதில் 6,000 ஹெர்ட்ஸ் வரை கையைத் தூக்கினார். வலது காதில் 3,000-க்கு மேல் கை எழவில்லை.

"மாமா, இது போன் இல்லை. நாளைக்கே காது டாக்டர்கிட்ட போய்ப் பாருங்கோ" என்றேன். சற்று நேரம் ஹெட்போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "அப்ப இத்தனை நாளா நான் கேட்டது பாதிப் பாட்டா?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையில் நடப்பது இதுதான். ஆ, ஈ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த, ஸ, ஷ போன்ற மெய்களின் அடையாளம் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல் பகுதியை. எனவே குரல் கேட்கும், ராகம் கேட்கும்; சொல் மட்டும் நழுவும். சொல்லைப் பிடிக்க ஒலியைக் கூட்டுவார்கள். கூட்டிய ஒலி மிச்சமிருக்கும் காதையும் தேய்க்கும். மாமாவுக்குச் சோதனை செய்த மருத்துவர் செவித்துணைக் கருவி எழுதிக்கொடுத்தார். போனுக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. பழைய போன் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. வீட்டில் பேத்தி பேசுவதும் இப்போது புரிகிறது என்கிறார்.

இளையவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75. டெசிபல் ஏற ஏற நேரம் வேகமாகச் சுருங்கும்: 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மெட்ரோ இரைச்சலில் திறந்த வகை ஹெட்போன் மாட்டினால் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டத்தான் தோன்றும். பயணத்துக்கு மூடிய வகை, அல்லது காதை நன்றாக அடைக்கும் இயர்போன், அல்லது இரைச்சல் நீக்கும் வகை நல்லது. இவை ஒலியைக் குறைத்துக் கேட்க வழி செய்கின்றன. அதுவே அவற்றின் பெரிய லாபம். ஐபோனிலும் வேறு சில போன்களிலும் ஹெட்போனின் ஒலியளவைக் காட்டும் வசதி உண்டு. பிள்ளைகள் போனில் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.

சரி, எதை வாங்கலாம்?

முதலில் பதிவு. மோசமான பதிவை எந்தக் கருவியும் நல்லதாக்காது. பாட்டுச் செயலியின் அமைப்புகளில் ஒலித்தரம் பெரும்பாலும் டேட்டாவை மிச்சப்படுத்தும் நிலையில் இருக்கும். அதை உயர்ந்த தரத்துக்கு மாற்றுங்கள். 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு சுமார் 58 மெகாபைட், சுருக்காத சி.டி. தரத்தில் சுமார் 635 மெகாபைட். வீட்டில் வைஃபை இருக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்து ஹெட்போன். பணத்தின் பெரும்பங்கை இதில் போடுங்கள். காதில் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இயர்போனின் ரப்பர் முனை காதை அடைக்காவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் காணாமற் போகும். முனையின் அளவை மாற்றினால் திரும்பி வரும். அதற்கு ஆகும் செலவு பத்து இருபது ரூபாய்.

மூன்றாவதாக டாங்கிள். 80 ஓமுக்குக் கீழ்ப்பட்ட ஹெட்போனுக்கு நல்ல சிறு டாங்கிள் அல்லது போனில் உள்ள துளையே பெரும்பாலும் போதும். 300 ஓம் வகை வைத்திருப்பவர்கள் தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம். புளூடூத்காரர்களுக்கு இரண்டும் வேண்டாம்.

கடைசியாகத்தான் போன். பேட்டரி நிற்கிறதா, இடம் போதுமா, மென்பொருளை எத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவார்கள் என்று பார்த்து வாங்குங்கள். ஒலிக்காக என்று கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

அறுபது வயதைத் தாண்டிய அன்பர்களுக்கு இன்னொன்று: இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு செவிச் சோதனை. அரை மணி நேர வேலை. அந்த மல்டிமீட்டரும், ஒலிகள் அடங்கிய பென் டிரைவும் நூலக அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. ஹெட்போனுடன் வருகிறவர்கள் எந்த ஞாயிறும் எடுத்துப் பயன்படுத்தலாம். திரைக்குப் பின்னால் நின்று மாற்றிப் போட நான் இருக்கிறேன்.